முறைத் தண்ணீர்

குனிந்து நிமிரும்போதெல்லாம் ஜெயமேரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. வாய்க்கால் பள்ளத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீரைப் பெயின்ட் வாளியில் மொண்டு, கரையேறி, பக்கத்து வயலில் ஊற்றுகிறாள். வெடித்த மண் உஸ்ஸென்று குடித்துவிட்டு மறுபடியும் வாயைப் பிளக்கிறது. அது தங்கப்பாண்டியின் வயல். போன வாரம் அவர் தன் முறைத் தண்ணீரை இவளுக்கு விட்டுக்கொடுத்தார். இவள் முறையில் அவர் பாய்ச்சிக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் பெரியாறு அணையில் மட்டம் இறங்கிவிட்டதென்று வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். ஒரே வரப்புதான், இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வைக்கோல் நிறம். டிவிஎஸ் வண்டியில் உட்கார்ந்தபடியே தங்கப்பாண்டி சிரிக்கிறார். “அணை நெறஞ்சா ஒடஞ்சிருமோன்னு அங்கன மலையாளத்து ஆளுக தூங்க மாட்டேங்கிறாக. கொறஞ்சா இங்கன நமக்குத் தூக்கம் போகுது. ரெண்டு சர்க்காரும் கோர்ட்டுல பேசித் தீராதத நீ வாளிய வச்சுத் தீக்கப் போறியாக்கும்?” “தொறந்ததும் மொத மடை உங்களுக்குத்தேண்ணே.” “கருது பால்புடிக்கிற நேரம் போயிருமே, ஆத்தா.” திட்டியிருந்தால் தேவலை. வண்டிச் சத்தம் தேய்ந்து அடங்குகிறது. மேற்கு மலையின் நிழல் வயல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. அந்த மலைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் கூலிக்கு இருக்கிற கணவன் வின்சென்டைப் போனில் அழைக்கிறாள், லைன் போகவில்லை. சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பள்ளத்தில் இறங்குகிறாள். வாளியில் இப்போது சேறுதான் வருகிறது. தங்கப்பாண்டிக்கு அவள் தர வேண்டியது ஒரு முறைத் தண்ணீர்.