ஏழாவது ஸ்லைடு

"உங்க படம் வருதாம் அக்கா. ஏழாவது ஸ்லைடுல."

சொன்னவன் ஊசி. லேப்பில் ரத்தம் எடுப்பவன். ஆளும் அப்படித்தான் இருப்பான், அதனால் அந்தப் பட்டப்பெயர்.

லேப் அக்கா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். "யார்டா சொன்னா?"

"நானே பார்த்தேன். கத்தரி மேடம் ஏஐ கிட்ட டைப் பண்ணிட்டு இருந்தாங்க. 'ஏழாவது ஸ்லைடுல தப்பு செஞ்சவங்க படம், பெருசா'ன்னு. ரெண்டே நிமிஷம். மொத்தத்தையும் சுடச்சுட இறக்கிடுச்சு."

"லேப் ஹெட்டுதானே, திட்டணும்னா நேர்ல வந்து திட்ட வேண்டியதுதானே? அதுக்கும் மெஷினா?"

"மெதுவா பேசுங்க. பெரிய டாக்டருக்கு இன்னும் ஆள் யாருன்னு தெரியாது. ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் போல இருக்கு. கொஞ்சம் கழுவிட்டு வாங்க."

சுற்றி வளைப்பானேன், தப்பு அக்காவுடையதுதான். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று, ரத்தம் எடுத்த பிறகுதான் ட்யூபில் பேர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். அதுதான் விதி. அக்கா காலையிலேயே எல்லா ட்யூபிலும் ஒட்டி வைத்துவிடுவாள். நேரம் மிச்சம். இருபது வருஷமாக அப்படித்தான். அவளைப் பார்த்து லேப்பே அப்படித்தான்.

போன வாரம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு ட்யூப் மாறிவிட்டது. ஒருத்தருடைய ரத்தம் இன்னொருத்தர் பெயரில் லேப்புக்குப் போனது. வேற குரூப் ரத்தப் பை வந்து கட்டில் பக்கத்தில் தொங்கியது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் ஒருத்தி பழைய ஃபைலைப் புரட்டி, குரூப் பொருந்தவில்லை என்று நிறுத்தினாள். அதனால்தான் அந்த மனுஷன் இன்றைக்குச் சாப்பிடுகிறான்.

யார் செய்தது என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

மூன்று மணிக்குக் கூட்டம். அக்கா முகம் கழுவிக்கொண்டு நழுவிக் கடைசி வரிசைக்குப் போனாள். கத்தரி மேடம் பார்த்துவிட்டார்.

"அக்கா, அங்கேயே பின்னாடி இருக்கிற லேப்டாப்புல உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல ஸ்லைடை மாத்தணும்."

"நானா மேடம்? எனக்கு இதெல்லாம்..."

"ஒரு பட்டன்தான். விளக்கை அணைச்சிடுங்க, சுவிட்ச் உங்க பின்னாடியே இருக்கு."

என் கையாலேயே என்னைச் சுவரில் அறைய வைக்கிறாளே, பாவி. ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவள். என் சர்வீஸைவிட வயசு பத்துப் பன்னிரண்டுதான் கூட இருக்கும். அக்கா மனசுக்குள் திட்டிக்கொண்டே விளக்கை அணைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஆஸ்பத்திரி, வார்டு, தேதி.

லேப்டாப் திரையில் ஸ்லைடுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அது சுவரில் வரவில்லை. பேசுகிறவருக்காக ஏஐ எழுதி வைத்தது. நான்காவதில், 'இங்கே சற்று நிறுத்தவும். அமைதி நீடிக்கட்டும்' என்று இருந்தது.

மேடம் நிறுத்தினார்.

ஐந்து. மாறிய இரண்டு ட்யூபும் பெரிதாகச் சுவரில் நின்றன. ஆறு. அந்த ரத்தம் ஏறியிருந்தால் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்ற படம். யாரோ 'ச்சே' என்றார்கள்.

"கதை போதும்மா. செஞ்சது யாரு?" பெரிய டாக்டரின் குரல்.

"அடுத்த ஸ்லைடு," என்றார் மேடம்.

அக்காவின் விரல் பட்டன் மேலேயே நின்றது.

"அக்கா. அடுத்தது."

கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சுவர் முழுக்க ஒரு பெண். வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வைத்த தலை, சிரிக்கத் தெரியாத முகம். அக்கா இல்லை.

"இது நான்," என்றார் மேடம். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, வேற ஆஸ்பத்திரியில. நானும் சீட்டை முன்னாடியே ஒட்டினேன். அங்க ஃபைலைப் புரட்ட ஆள் இல்ல. நோயாளி பிழைக்கல."

மேடம் தன் படத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அன்னைக்கும் பேர்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல. பழியை என்கூட வேலை பார்த்த ஒரு அக்கா மேல போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதோட விஷயம் முடிஞ்சதுன்னு எல்லாரும் கிளம்பிட்டாங்க. மறுநாளும் சீட்டை முன்னாடியேதான் ஒட்டினோம்."

"அது அப்போ. இப்போ பேர் என்ன?"

"என் பேரை எழுதிக்கோங்க சார். இங்கேயும் அப்படித்தான் ஒட்டுறாங்கன்னு ஆறு மாசமா தெரியும். நிறுத்தாதது நான்."

அக்கா தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில் குறிப்புக் கட்டம். ஏஐ எழுதிய பதில் ஒன்று அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் அழிக்க மறந்திருக்க வேண்டும்.

'நீங்கள் கேட்டபடி அந்த ஊழியரின் பெயரை எந்த ஸ்லைடிலும் சேர்க்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவரைப் பின்னால் லேப்டாப்பில் உட்கார வைத்து விளக்கையும் அணைத்துவிட்டால் அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்ற உங்கள் யோசனை மிகவும் அருமை!'

அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து, பின்னால் திரும்பி விளக்கைப் போட்டாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"சார், மேடம் பேரை அடிச்சிடுங்க. என் பேரை நான் சொல்றேன்."