ஓரத்து நாற்காலி

ஒரு விடுகதை. நாடகத்தில் எல்லாருடைய வசனமும் அதற்குத் தெரியும். ஆனால் மேடை ஏறாது. யார் கண்ணிலும் படாது. அது யார்?

நாடகக்காரர்களிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: பிராம்ப்டர். மேடை ஓரத்தில், திரை மறைவில் ஒரு நாற்காலி. தலைக்கு மேல் சின்ன பல்பு. யாராவது வசனத்தை மறந்தால் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழக நாடகக் குழுவில் இந்த வருஷம் அந்த நாற்காலி முதலாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குக் கிடைத்தது. பொடிசு என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் நடிக்கத்தான் வந்தாள். ஆள் எடுத்த அன்று, எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த சீனியர்கள் ஆறு பேரைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை.

"நடிக்க வரலைன்னா என்ன, படிக்க வருமில்ல?" என்று டைரக்டர் புத்தகத்தை அவள் கையில் திணித்துவிட்டான்.

அந்த நாடகத்தில் அக்கா வேஷம் கட்டியவள் கடைசி வருஷ மாணவி. நல்ல நடிகை என்று பேர். அந்தப் பேர் மூன்றாம் காட்சியில் கெட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நீள வசனம். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே இடத்தில் நின்றுவிடுவாள்.

"இந்தக் கதவை நான் காத்துக்காகத் திறந்து வைக்கல..." என்று பொடிசு மெல்ல எடுத்துக் கொடுப்பாள்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

"இந்தக் கதவை நான்..."

"இன்னும் சத்தமா. முழுசா சொல்லு."

பொடிசு முழு வசனத்தையும் சொல்லி முடிப்பாள். அதற்குப் பிறகுதான் அக்கா வேஷக்காரி வாயைத் திறப்பாள்.

"மறதி மகாராணிக்கு வீட்டுக்குப் போற வழியாவது ஞாபகம் இருக்கா?" என்பான் லைட் போடுகிறவன். எல்லாரும் சிரிப்பார்கள்.

டைரக்டர் சிரிக்க மாட்டான். "தங்கச்சி வேஷத்துக்கே இன்னும் ஆள் கிடைக்கல. இதுல நீ வேற உயிரை வாங்கறே."

பொடிசுக்கு வயிறு எரிந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வசனம் அவளுக்கு வரும். தெரியாதவளுக்கு வெளிச்சம், தெரிந்தவளுக்கு இருட்டு. இது என்ன நியாயம்?

புத்தகத்தின் பின்னட்டையில் தேதி தேதியாகக் குறித்துவைத்தாள். பதினோரு ஒத்திகை, பதினோரு தடவை. நூலகத்துக் கம்ப்யூட்டரில் அதை டைப் அடித்தாள். 'இவரால் குழுவின் மானம் போகப் போகிறது' என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். பேர் போடாமல், டைரக்டரின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மறுநாள் டைரக்டர் எல்லார் முன்னாலும் அந்தத் தாளைப் படித்தான்.

"நாடகத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. இனிமே என்னால முடியாது. பொடிசு, அந்த வசனம் உனக்குத்தான் தெரியும். அக்கா வேஷத்தை நீ பண்ணு. தங்கச்சி வேஷத்தை வெட்டிடலாம். ரெண்டு பேரைப் புதுசாப் பழக்க நேரமில்ல."

கடைசி வருஷத்துக்காரி, "சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "பிராம்ப்ட் பண்ண ஆள் வேணுமே. நான் உக்காரட்டுமா?" என்று கேட்டாள்.

"மறந்து போறவ எடுத்துக் குடுக்கப் போறாளாம்!" என்றான் லைட்காரன்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. முதல் இரண்டு காட்சிகளைப் பொடிசு எப்படியோ கரை சேர்த்தாள். மூன்றாம் காட்சியில் கதவருகே வந்து நின்றாள். எதிரே முந்நூறு முகம். வசனத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

ஓரத்திலிருந்து குரல் வந்தது. மெதுவாக, பிசிறில்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இந்தக் கதவை நான் காத்துக்காகத் திறந்து வைக்கல..."

அடுத்த வரி. அதற்கடுத்த வரி. பொடிசு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வசனத்தைத் தாண்டினாள். தாண்டும்போது ஓரத்தைப் பார்த்தாள். நாற்காலிக்கு மேலே பல்பு எரியவில்லை. மடியில் புத்தகம் மூடிக் கிடந்தது.

திரை விழுந்ததும் பொடிசு ஓரத்து நாற்காலிக்கு ஓடினாள்.

"அக்கா, உங்களுக்கு அந்த வசனம் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"ஆள் எடுத்த அன்னிக்கு நீ வாயைத் திறக்கல. இந்த நாற்காலியில உக்காந்து சொன்னப்ப என்னமா இருந்துச்சு, உன் குரல்! டைரக்டர் காதுல அது விழணும்னு நினைச்சேன். விழுந்தா தங்கச்சி வேஷத்தை உனக்குக் குடுத்துடுவான். இன்னும் ரெண்டு ஒத்திகை போயிருந்தா குடுத்திருப்பான்."

கடைசி வருஷத்துக்காரி நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினாள்.

"என் வேஷம் போகும்னு நினைக்கல. கடைசி வருஷம் இல்லையா, அம்மா முதல் தடவையா என் நாடகம் பாக்க வர்றதா இருந்தாங்க. வர வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்பவும் மூணாவது வரிசையிலதான் உக்காந்திருக்காங்க. நான் எப்ப வருவேன்னு பாத்துட்டே இருந்திருப்பாங்க."

அவள் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தத் தாளை எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா? நீதானே இங்க உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டிருந்தே."

மேடையிலிருந்து டைரக்டர் கத்தினான். "நடிச்சவங்க எல்லாரும் வாங்கப்பா, போட்டோ!"

"தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு, பொடிசு போட்டோவுக்கு நிற்கப் போனாள்.