இரண்டு உருளை, ஒரு கைப்பிடி

"அது என்ன மிஷின்னு தெரியட்டும். தெரிஞ்சதும் ஷெட்டையும் வீட்டையும் வித்துட்டு உன்கூட வந்துடறேன்" என்று அம்மா சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருப்பது மகளுக்கு உறுத்தல். தன் ஃபிளாட்டில் ஓர் அறையை ஒழித்து, அம்மாவுக்கென்று புது ஜன்னல் திரைகூட மாட்டிவிட்டாள். குறுக்கே நின்றது ஷெட்டில் கிடந்த அந்த இரும்பு ஜென்மம். எப்போதோ அப்பா ஏலத்தில் எடுத்து வந்தது. இரண்டு உருளை, ஒரு கைப்பிடி, உடம்பெல்லாம் துரு. என்னவென்று தெரியாமல் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடக் கூடாதாம்.

கண்டுபிடிக்க அப்பாவின் நண்பர்கள் மூவர் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். ஒருவர் ஃபிட்டர், ஒருவர் ஃபோர்மேன், ஒருவர் டிராயிங் மாஸ்டர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். மூவருக்கும் சேர்த்து நூற்றிருபது வருட அனுபவம். அதில் ஒரு வருடம்கூட உதவிக்கு வரவில்லை.

முதலில் ஃபோர்மேன், அது மெழுகுவர்த்தி செய்வது என்றார். ஒரு மெழுகுவர்த்தியை உள்ளே கொடுத்துச் சுற்றினார்கள். சப்பையாகி வெளியே வந்தது. சப்பை மெழுகுவர்த்தி செய்வது என்று தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்.

டிராயிங் மாஸ்டர் மூன்று கோணத்தில் வரைந்து பார்த்து, மிஷின் தலைகீழாக நிற்கிறது என்று அறிவித்தார். காலை முழுக்க முக்கி முனகிப் புரட்டிப் போட்டார்கள். படத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்ததாக அடுத்த வாரம் ஒப்புக்கொண்டார். மறுபடி புரட்டினார்கள்.

ஃபிட்டர் எண்ணெய்ப் பிசுக்கை முகர்ந்துவிட்டு, இது ஆஸ்பத்திரிச் சாமான் என்றார். யாருக்கு என்ன வைத்தியம் என்று மகள் கேட்டதற்கு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று டீயை உறிஞ்சினார்.

டீ, பிஸ்கட், நடுநடுவே அம்மாவின் சிரிப்பு வேறு. ஓசி டீக்கு வருகிற கூட்டம் என்று மகள் பல்லைக் கடித்தாள்.

போன வாரம் பொறுமை போய், பழைய இரும்புக் கடைக்காரரிடம் செல்போனில் படத்தைக் காட்டினாள். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"தகர வாளிக்கு விளிம்பு மடிக்கிற மிஷின்மா. இதுகூடத் தெரியாதா?"

இந்த ஞாயிறு, முதலில் வந்த ஃபிட்டரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவருக்கு வாளி மிஷின் தெரியவில்லையா என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசும்மா. மொத நாளே எங்க மூணு பேருக்கும் தெரியும். பேரைச் சொல்லிட்டா ஷெட்டு போயிடும், உங்கம்மா இந்த வீட்டை விட்டுக் கிளம்பணும். இஷ்டமில்லேன்னு உன்கிட்ட அவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. அதான் எங்களால முடிஞ்ச வரைக்கும் முட்டாளா இருக்கோம்."

மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வாளி மிஷினாம்."

"தெரியும்டி. கல்யாணத்துக்கு முன்னாடி தகரப் பட்டறையில மூணு வருஷம் நான் சுத்தின மிஷின்தான் அது. அதுக்காகவே உங்கப்பா ஏலத்துல எடுத்தாரு."

"அப்ப இவங்க..?"

"கத்தாதே, காதுல விழப்போவுது. ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டுல ஒருத்தரும் அவங்களை ஒரு யோசனை கேக்கறதில்லையாம். இங்கதான் வந்து மனசு விட்டுப் பேசுறாங்க. நான் சொல்லிட்டா அப்புறம் எங்க போவாங்க? பாவம், மூணும் மக்குங்க. மெதுவாக் கண்டுபிடிக்கட்டும்."

"அப்ப நீ என்கூட வர்றது?"

அம்மா கண்ணெதிரே இருந்த சர்க்கரை டப்பாவை ரொம்ப நேரம் தேடினாள்.

மகள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். டீ தயாரானதும் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அதற்குள் மூவரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபிட்டர் அவள் முகத்தையே பயத்தோடு பார்த்தார்.

அவள் ஒவ்வொருவருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, இரும்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எனக்கென்னவோ இது பட்டாணி உரிக்கிற மிஷின்னு தோணுது மாமா."