பத்துக்கு ரெண்டு

"பத்துக்கு ரெண்டு! என் பேத்தி வாங்குற மார்க்ஸா இது?"

மாணிக்கவாசகம் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். ஆறாம் வகுப்புப் படிக்கும் தனுஜா, ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"நேத்து மூணு. முந்தாநாள் ஒண்ணு. தவணைச் சோதனைக்கு இன்னும் மூணு கிழமைதான் இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் தோட்டத்துல பெரிய கிளாக்கரா நிமிர்ந்து நின்னவன் வீட்டுப் புள்ள சரித்திரத்துல பெயிலுன்னு உக்குவளை ஊரே சிரிக்கட்டும்!"

"மெதுவாப் பேசுங்க மாமா. ரோட்டுக்குக் கேக்கும்" என்றாள் மருமகள் யோகராணி, சமையலறை வாசலில் நின்று.

அதற்குள் வீதியில் ஏதோ வாகனம் வேகம் குறைத்தது. மாணிக்கவாசகம் சட்டென்று ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு விரல் அளவு விலக்கினார். வெறும் பால் வண்டி. அது ரயில் கடவையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

எட்டு மாதமாக இப்படித்தான். பலாபத்வலச் சோதனைச் சாவடியில், "விசாரிச்சிட்டு அனுப்புறோம்" என்று மகன் அழகமுத்துவை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊருக்கு அவன் கட்டார் நாட்டில் வேலையில் இருக்கிறான் என்று சொல்லியாயிற்று. ஊரும் மரியாதைக்காக நம்பியது.

வீட்டுக்குள்ளே சட்டம் இன்னும் கடுமை. அவன் படம் ட்ரங்குப் பெட்டிக்குள் போனது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவன் பேச்சை எடுக்கவே கூடாது. வாகனம் வந்தால் தெரியவேண்டும் என்பதால் ரேடியோவும் போடக் கூடாது. கம்ப்யூட்டருக்கு மட்டும், ஹெட்போன் மாட்டினால் அனுமதி.

கம்ப்யூட்டரில் இருந்த அந்தச் சரித்திரக் கேள்வி விளையாட்டு அழகமுத்து மகளுக்காகவே செய்தது. மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவன் அவன். முந்நூறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். சரியானதை அழுத்தினால் கோயில் மணி ஒலிக்கும்.

"நாலு மணிக்கு த்ரீவீலர் ஓட்டுற ஸஹாப்தீன் வர்றாரு. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை அவரு வீட்டுப் புள்ளைங்களுக்குக் கொடுத்திடுறேன். நீ புத்தகத்தை எடுத்துப் படி."

தனுஜா துள்ளி எழுந்தாள். "வேணாம் தாத்தா! நாளைக்குப் பத்துக்குப் பத்து எடுக்கிறேன்! சத்தியமா!"

"போன கிழமையும் இதையேதான் சொன்ன."

"மாமா, அது வந்து…" என்றாள் யோகராணி.

"என்ன வந்து?"

அவள் ட்ரங்குப் பெட்டியைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மாமா."

"சரி தனுஜா, நீ வாயால சொல்லு. மாத்தளைக்கு ரயில் வந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்து எம்பது."

"மாத்தளையில வெள்ளைக்காரனுக்கு எதிரா கலகம் வெடிச்சது?"

"நாப்பத்தெட்டு. ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டு."

"கண்டி ராச்சியம் போனது?"

"ஆயிரத்து எண்ணூத்துப் பதினஞ்சு. மார்ச் மாசம், ரெண்டாந்தேதி."

தேதியை அவர் கேட்கவே இல்லை. "எல்லாந் தெரியுதே! அப்புறம் ஏன்டி பிழையா அமத்துற? என்னைய முட்டாளாக்கவா?"

தனுஜா அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினாள்.

மாணிக்கவாசகம் முன்னும் பின்னும் நடந்தார். இந்த வீட்டுப் பிள்ளை பொய் சொல்லாது. அப்படியானால் கோளாறு மெசினில். கெட்டுப்போன பொருளை அடுத்தவர் தலையில் கட்டுகிற வழக்கம் அவருடைய குடும்பத்தில் கிடையாது. கொடுக்குமுன் சோதித்தே ஆகவேண்டும்.

முதுகு வளையாமல் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். முதல் கேள்விக்குச் சரியான விடை. மணி ஒலித்தது. இரண்டாவதற்கும் மணி. சரியாகத்தானே வேலை செய்கிறது? பிழையையும் ஒழுங்காகக் கணக்கெடுக்கிறதா என்று பார்க்க, மூன்றாவது கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்தினார்.

வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக மாணிக்கவாசகம் ஜன்னலுக்குப் போகவில்லை.

"கிளாக்கர் ஐயா! பெட்டியை ஏத்தலாமா?" ஸஹாப்தீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "கட்டார்ல இருந்து தம்பி போன் கோல் எடுத்தாருங்களா?"

ஸஹாப்தீன் அவருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். திரையில் மாத்தளைக் கலகம் பற்றிய கேள்வி. அம்புக்குறி மெல்ல நகர்ந்து, 1848ஐத் தாண்டி, 1948இல் போய் நின்றது. அழுத்தினார்.

"அட, என்னங்கய்யா! நாப்பத்தெட்டுக் கலகம் எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் தெரியுமே!" ஸஹாப்தீன் சிரித்தார். அடுத்த கேள்விக்கும் பிழை. அதற்கடுத்ததும் பிழை. கடைசியில் திரை மதிப்பெண்ணைக் காட்டியது. "பத்துக்கு ரெண்டா? உங்களுக்கா?"

யோகராணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா?"

அவர் திரும்பவில்லை. முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

"பெட்டி இங்கேயே இருக்கட்டும், ஸஹாப்தீன்."

விளையாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு ஸ்பீக்கரில் சொருகியிருந்த ஹெட்போன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெரிந்த கேள்விக்குத் தெரியாத விடையை அழுத்தினார்.

வீடு முழுக்க, வீதிவரைக்கும், அழகமுத்துவின் குரல் கேட்டது: "பிழை, மகள். பரவாயில்ல, அப்பா பக்கத்துலதான் இருக்கேன்… இன்னொருக்கா யோசிங்க."