கொடிமலை தெரிகிறதா?

முதலாளி கைவிட்டுப் போன கப்பல் சித்திரையிலிருந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. வழக்கு முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. மற்ற மாலுமிகளுக்கு அது ஏதோ ஓர் ஊர். ஜெரோமுக்குச் சொந்த ஊர். மேல்தளத்தில் நின்றால் குருசுமலை, பல்லிமலை, கொடிமலை மூன்றும் தெரியும். கொடிமலை அடிவாரத்தில்தான் அவன் வீடு. அவன் கப்பலேறியபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி மெட்டில்டா போன் செய்தாள். “கொடிமலை உச்சியில நிக்கிறோங்க. பாப்பாவுக்குச் சிவப்பு கவுன் போட்டிருக்கேன். தெரியுதா?”

ஜெரோம் கம்பியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். வெயிலில் மலை வெறும் சாம்பல் மேடாக இருந்தது.

“தெரியுது. நல்லாத் தெரியுது.”

மகள் போனைப் பிடுங்கினாள். “அப்பா, நான் எந்தக் கைய ஆட்டுறேன், சொல்லு?”

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலையையே பார்த்தான்.

“ரெண்டு கையையும்.”

போனில் மலைக்காற்று மட்டும் இரைந்தது. பிறகு மெட்டில்டாவின் குரல் அவசரமாக வந்தது.

“ஆமாங்க, ரெண்டு கையுந்தான். இப்பதான் இன்னொண்ணையும் தூக்கினா.”