பொன்னுத்துரையின் தேத்தண்ணி

"ஓம், நான் இருக்கிறன்" என்றான் கபிரியேல், போனைப் பார்த்து.

கண்டிப் பக்கம் கடுகண்ணாவையில் பிறந்து வளர்ந்தவன் வாயில் அந்த யாழ்ப்பாணப் பேச்சு, இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று நின்றது.

என்ன செய்வது? போனில் ஆபாசப் படம் பார்ப்பதை விட முடியாமல் தவிக்கிறவர்களின் கூட்டம் அது. சனிக்கிழமை பின்னேரங்களில் போன் வழியாகவே கூடுவார்கள். முகம் காட்டத் தேவையில்லை, சொந்தப் பெயரும் வேண்டாம். ஆனால் குரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கண்டி கைப்பிடி அளவு ஊர். சர்ச்சில் பக்கத்தில் நின்று பாடுகிறவனே இங்கேயும் இருந்துவிட்டால்?

அதனால் இங்கே அவன் பொன்னுத்துரை.

தவக்காலத்தில் ஒருநாள் மனைவி மதலேனா அவன் போனைப் பார்த்துவிட்டாள். அன்று மூடிய வாய்தான். ஈஸ்டரும் வந்து போய்விட்டது. கட்டியவள் ஒருதரம் வாய் நிறையத் திட்டமாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தான் மனிதன்.

இன்று கூட்டத்துக்கு அவரவர் வீட்டு ஆட்களும் பெயர் சொல்லாமல் வந்து கேட்கலாம் என்றிருந்தார்கள். அவளுக்கு லிங்க் அனுப்பினான். பார்த்துவிட்டாள் என்று நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

திரையில் 'விருந்தினர்' என்று சில கறுப்புக் கட்டங்கள். யார் வீட்டு ஆட்களோ.

பொன்னுத்துரையின் மனசு இப்போது எதைத் தேடுகிறது என்று கேட்டார், கூட்டத்தை நடத்தும் டொக்டரம்மா.

"ஓம்..." என்று தொடங்கினான். இரவல் பேச்சு கழன்று விழுந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. எம் பொஞ்சாதி ஒரு வார்த்தை பேசினா போதுங்க."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. போனை அணைக்கக் கையை நீட்டினான்.

அப்போது ஒரு கறுப்புக் கட்டம் பேசியது.

"பொன்னுத்துரை அண்ணே, மேசையில தேத்தண்ணி ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் பேசுங்க."

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கபிரியேல் மேசையைப் பார்த்தான். சாசரால் மூடிய கோப்பை பக்கத்திலேயே இருந்தது.

போனில் கேட்பதற்கு முன்பே அந்தக் குரல் சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படிக் குசினியிலிருந்து வந்துவிட்டிருந்தது.