மனைவிக்காக ஒரு பத்தியம்

“இன்னைக்கு அது வேணாம். அந்தப் பக்கம் இருக்கறதுல ஒரு துண்டு வெட்டு.”

கண்ணாடி அலமாரிக்குள் மைதா மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ‘ஆப்பிள் பை’யைக் காட்டினார் அவர். மேல் ஓடு பொன்னிறமாக உப்பி, ஓரத்தில் பழச்சாறு வழிந்து நின்றது. பார்த்தாலே எச்சில் ஊறும். கடைக்காரி கத்தியை எடுக்கவில்லை. அவள் அவருடைய மச்சினி. அப்பாவுக்குப் பிறகு அந்த பேக்கரியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

“உங்களுக்கு அரிசி மாவுல தனியா போட்டு வெச்சிருக்கேன் அத்தான். இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்தேன்.”

“அது உங்க அக்காவுக்கு. அவதான் போயிட்டாளே.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. காலையில் காபியோடு எழுப்பப் போனவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் சேர்ந்துதான் கடைக்கு வருவார்கள். கோதுமை, மைதா, ரவை எதுவும் அவளுக்கு ஆகாது. ஒரு துளி பட்டாலும் குடலைப் புண்ணாக்கிவிடுமாம். அதனால் மாவு மூட்டையைப் பிரிக்கும் முன்பே, தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்து, தங்கைக்காரி அக்காவுக்கென்று ஒரு ஆப்பிள் பை செய்துவிடுவாள். வீட்டிலும் பிரெட், பிஸ்கட் எதுவும் வாசலைத் தாண்டாது. “நீ சாப்பிட முடியாததை நான் மட்டும் எப்படிடி சாப்பிடுவேன்?” என்று அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

தெருவுக்கே ஆச்சரியம். டாக்டர் சொல்லி மனிதர் எதையும் கேட்டதில்லை. கால் முறிந்தபோது போட்ட மாவுக்கட்டை, அரிக்கிறது என்று கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தவர். அப்பேர்ப்பட்ட ஆள் பொண்டாட்டிக்காகப் பத்தியம் இருக்கிறாரே என்று வாயைப் பிளந்தார்கள். பத்தியக்காரி அப்படியே இருக்க, கூட இருந்தவருக்குக் கன்னத்தில் சதை போட்டுவிட்டதே என்று கிண்டலும் செய்தார்கள்.

“ஏழு வருஷம், வாலு,” என்றார். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே மச்சினியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “ஒரு பன்னைத் தொட்டிருப்பேனா, சொல்லு. அந்த அரிசி மாவு ஓடு வாயில வெச்சா மணலு. அவ என்னடான்னா கண்ணை மூடிக்கிட்டு ரசிச்சு ரசிச்சு சாப்பிடுவா. அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் நானும் முழுங்குவேன்.”

“தெரியும் அத்தான்.”

“தெரியுமில்ல? அப்ப வெட்டு.”

“வேணாமே.”

“ஏன்? அவ போன சூடு ஆறலை, அதுக்குள்ள நாக்கைத் தீட்டிக்கிட்டு வந்துட்டானேன்னு பார்க்கறியா?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லை.”

“ஆசையில கேட்கலம்மா. இதைச் சாப்பிட்டாத்தான் அவ இல்லைங்கறது எனக்கே உறைக்கும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வந்தா ரெண்டு தட்டு போடச் சொல்லிக்கிட்டே இருப்பேன். பைத்தியம் பிடிச்சிடும் எனக்கு.”

குரல் உடைந்துவிட்டது. அவளுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மைதா ஆப்பிள் பை இருந்த தட்டை எட்டாத இடத்துக்குத் தள்ளிவைத்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

“புருஷன்னா இப்படி இருக்கணும்னு ஊரெல்லாம் சொன்னவ நீ. இப்ப ஒரு துண்டு குடுக்க மூக்கால அழறே!”

“என்னை ஒண்ணும் கேட்காதீங்க அத்தான். அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“என்ன சத்தியம்? அவ போனப்புறமும் நான் வாயைக் கட்டிக்கிட்டே கிடக்கணும்னா? உங்க அக்கா அப்படிப்பட்டவ இல்லை. சரி, உன் கடை, உன் இஷ்டம். எதிர்க்கடையில கேட்டா குடுக்காமலா போயிடுவான்?”

விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். அவள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கதவை மறித்து நின்றாள்.

“ஏழு வருஷம் முன்னாடி வயித்து வலின்னு சுருண்டு கிடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு அடம் பிடிச்சீங்க. நானும் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கறேன், வாங்கன்னு அக்காதான் இழுத்துக்கிட்டுப் போனா.”

“ஆமா. நல்லவேளை குடுத்தா. இல்லேன்னா அவளுக்கு இருக்கற வியாதி தெரியாமலே போயிருக்கும்.”

“ரிசல்ட் வாங்க யார் போனது?”

“அவதான் போனா. எனக்கு ஒண்ணுமில்லை, தனக்குத்தான்னு வந்து சொன்னா. இப்ப எதுக்கு அதெல்லாம்?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையை எடுத்தாள்.

“‘அவருக்குன்னு சொன்னா ஒருநாள்கூட கேட்க மாட்டார்டி, எனக்குன்னு சொன்னா உசிரு போனாலும் கேட்பார்’னு சொன்னா... நோய் உங்களுக்குத்தான் அத்தான். ஒரே ஒரு துண்டு தின்னுட்டுப் போ அக்கான்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். வாயில வாசனை வந்தா கண்டுபிடிச்சிடுவார்னு, இந்தக் கடையிலயே பொறந்து வளர்ந்தவ, கடைசி வரைக்கும் தொடவே இல்லை.”